வாரண்டி உள்ள போன் மக்கர் செய்தால்: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு

மண்டபத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தேவிபட்டினம், உச்சிப்புளி, பாம்பன், கீழக்கரை என்று பல ஊர்க்காரர்கள் செட்டைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார்கள். அதில் நிறைய செட்டுக்கு வாரண்டியே முடிந்திருக்காது. "கம்பெனி சர்வீஸ் சென்டர்ல தண்ணி பட்டிருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்கண்ணே" என்பார்கள். திறந்து பார்த்தால் சிலவற்றில் தண்ணீர் போயிருப்பது உண்மைதான். வேறு சிலவற்றில் உள்ளே ஒரு சொட்டு ஈரம் கிடையாது. ஒயர் சொருகும் துளையான சார்ஜ் பின்னின் வாயில் மட்டும் கருவாட்டில் பூப்பது போல உப்பு பூத்திருக்கும். இலவசமாக நடக்க வேண்டிய வேலைக்கு அவர் என்னிடம் காசு கொடுக்க வந்திருப்பார். அதைப் பார்க்க மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் போனில் என்ன அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், பெரிய செலவு கடைசியில். ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் பொது: வாரண்டி இருக்கும் வரை வெளிக்கடையில் போனைத் திறக்க விடாதீர்கள். என் கடையும் வெளிக்கடைதான். ஸ்க்ரூ மேல் ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் கிழிந்திருந்தாலோ, பின்மூடியின் பசை மாறியிருந்தாலோ, கம்பெனிக்காரர்கள் அதையே காரணம் காட்டுவார்கள்.

## எதையும் தொடுவதற்கு முன்

வீட்டில் இன்னொருவர் போனை வாங்கி வீடியோ எடுங்கள். கெட்ட போனில் *#06# அழுத்தினால் அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். அதைக் காட்டிவிட்டு, வீடியோவை நிறுத்தாமல் அப்படியே கோளாறையும் காட்டுங்கள். வீட்டில் பத்து முறை அணைந்த போன், சர்வீஸ் சென்டர் மேசையில் ஒழுங்காக ஓடும். அப்போது "கோளாறு இல்லை" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இந்த வீடியோ இருந்தால் அப்படிச் சொல்வது கஷ்டம்.

அடுத்து, சிம் தட்டை வெளியே எடுத்துவிட்டு அந்த இடுக்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பல மாடல்களில் அங்கே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி தெரியும். தண்ணீர் பட்டால் அது சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறும். வெள்ளையாக இருந்தால் தேதி தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பில்லில் அடித்திருக்கும் ஐஎம்இஐயும் போனில் வருவதும் ஒன்றுதானா என்பதையும் இப்போதே ஒத்துப் பாருங்கள். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண் இருக்கும். பில்லில் ஒன்றுதான் இருக்கும் என்றால் பயப்பட வேண்டாம்.

## சார்ஜ் ஏறவில்லை

நம் கரையில் அதிகம் வருவது இதுதான். மூன்று விதமாக வரும்.

### ஒயரை அசைத்தால் ஏறுகிறது, விட்டால் நிற்கிறது

முதலில் ஒயரை மாற்றிப் பாருங்கள். பிறகு சார்ஜர். பிறகு பிளக் பாயிண்ட். படகில் எஞ்சின் பேட்டரியில் மலிவான இன்வெர்ட்டரை மாட்டி சார்ஜ் போடுகிறவர்கள், கரையில் வீட்டுக் கரண்டில் கம்பெனி சார்ஜரைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனைக் குறை சொல்ல வேண்டும். பெட்டியில் வந்த சார்ஜர், ஒயருக்குப் பல கம்பெனிகள் ஆறு மாதம்தான் வாரண்டி தருகின்றன, போனுக்குத்தான் ஒரு வருடம். ஆறு மாதத்துக்குள் ஒயர் போயிருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் மாற்றியும் அதே கதை என்றால் சார்ஜ் பின்னைப் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பொடிமணல் உள்ளே போய், ஒயரைச் சொருகச் சொருக அடியில் இறுகிவிடும். ஒயர் முழுதாக உள்ளே போகாமல் ஒரு நூல் அளவு வெளியே நின்றால் காரணம் இதுதான். போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குச்சியால் ஓரமாக மெதுவாகச் சுரண்டி, வாய் கீழே பார்க்கும்படி தட்டுங்கள். ஊக்கு, ஊசி, ஹேர்பின் வேண்டவே வேண்டாம். டைப்-சி பின்னில் நடுவே இருக்கும் மெல்லிய நாக்கு வளைந்தால் அது உங்கள் தவறு என்று எழுதிவிடுவார்கள்.

### ஈரம் இருக்கிறது என்று எச்சரிக்கை வருகிறது

ஒயரை உடனே கழற்றுங்கள். சார்ஜ் பின் கீழே பார்க்கும்படி வைத்து ஃபேன் காற்றில் விடுங்கள். அரை மணியிலும் சரியாகலாம், ஒரு நாளும் ஆகலாம். வாடைக்காற்று மாதங்களில் சாயங்காலமானால் இந்த எச்சரிக்கை வருவது நம் பக்கம் சகஜம். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரமும் சேரும். ஹேர் டிரையர், அடுப்பு, உச்சி வெயில் எதுவும் கூடாது.

கடல்பாசி எடுக்கப் போகிற அக்காமார் போனை பாலிதீன் பையில் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள். தண்ணீர் உள்ளே போகாது, சரி. ஆனால் உடம்புச் சூட்டில் பைக்குள்ளேயே வேர்த்து, அந்த ஈரம் பின்னில்தான் போய் நிற்கும். கரைக்கு வந்ததும் பையைப் பிரித்துக் காற்றாட வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து சார்ஜ் போட்டால் பாதித் தொல்லை குறையும்.

ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகும் எச்சரிக்கை போகவில்லை என்றால் இரண்டு வழி. டார்ச் அடித்தால் பின்னின் கால்கள் பளிச்சென்று இருக்கின்றனவா? அப்படியென்றால் மென்பொருள் கோளாறாக இருக்கலாம். போனை அணைத்துவிட்டு சார்ஜ் போட்டுப் பாருங்கள், பிறகு ஒரு அப்டேட் போடுங்கள். கால்களில் பச்சையாகவோ வெள்ளையாகவோ ஏதாவது படிந்திருக்கிறதா? அது துரு. நீங்களே தேய்க்கப் பார்க்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

### எந்தச் சத்தமும் இல்லை, செத்தது போல் கிடக்கிறது

நல்ல சார்ஜரில் அரை மணி போட்டு விடுங்கள். பிறகு பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அரை நிமிடம் வரை அழுத்திப் பிடியுங்கள். உயிர் வந்தால் உடனே போட்டோ, வாட்ஸ்அப் எல்லாவற்றையும் பேக்கப் எடுங்கள், அடுத்த முறை வராமல் போகலாம். வரவில்லை என்றால் பேட்டரி, சார்ஜிங் போர்டு, மதர்போர்டில் இருக்கும் ஐசி (சிப்) என்று செலவு ஏறிக்கொண்டே போகும். நிறைய ஆண்ட்ராய்டு போன்களில் சார்ஜ் பின் தனிச் சின்ன போர்டில்தான் இருக்கும், வாரண்டி இல்லாவிட்டாலும் அதை மாற்ற பெரிய செலவில்லை. மதர்போர்டு என்றால் போன் விலையில் பெரும்பங்கு போய்விடும். ஆகவே வாரண்டி இருக்கும் செத்த போனை யாரையும் தொட விடாமல் நேராகச் சர்வீஸ் சென்டர்.

## சூடாகிறது, சார்ஜ் நிற்கவில்லை

கடலுக்குள் போனதும் டவர் போய்விடும். போன் விடாமல் டவரைத் தேடிக்கொண்டே இருப்பதால் சூடாகும், சார்ஜும் மளமளவென்று இறங்கும். கரையைத் தாண்டியதும் ஏரோப்ளேன் மோடு போடுங்கள். ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும், செட்டிங்கில் லொகேஷன் இயங்கினால் போதும். இதற்குப் பிறகு சார்ஜ் இறங்காமல் நின்றால் போனில் பழுது கிடையாது.

கரையிலும் சூடாகிறது என்றால், சேஃப் மோடில் (நீங்கள் இறக்கிய ஆப்கள் ஓடாத நிலை) ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அதில் சரியாக இருந்தால் நீங்கள் இறக்கிய ஏதோ ஒரு ஆப்தான் காரணம். சேஃப் மோடிலும் சூடு என்றால், கையோடு பேக்கப் எடுத்து ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் புதிது போல ஆக்குவது). அப்புறமும் சூடு என்றால் பேட்டரி அல்லது போர்டு, சர்வீஸ் சென்டர் வேலை.

பின்மூடி லேசாகத் தூக்கியிருந்தால், மேசையில் வைத்தால் போன் ஆடினால், பேட்டரி உப்பிவிட்டது. அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்தி மூடாதீர்கள், தலைமாட்டில் வைத்துத் தூங்காதீர்கள், படகில் வெயிலில் விடாதீர்கள். இந்த ஒரு அறிகுறிக்கு வேறு எந்தச் சோதனையும் வேண்டாம், நேராகச் சர்வீஸ் சென்டர்.

## திரையில் கோடு, டச் தானாக வேலை செய்கிறது

திரைமேல் ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடியையும் கவரையும் கழற்றுங்கள். விரல் ஈரமில்லாமல், திரையைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். உப்புப் பிசுபிசுப்பில் டச் தானாக அடிப்பது உண்டு. வேறு சார்ஜரில் போட்டால் டச் பிரச்சினை போகிறது என்றால் குறை பழைய சார்ஜரில். சாம்சங்கில் *#0*#, ஷாவ்மியில் *#*#6484#*#* அடித்தால் பெரும்பாலான மாடல்களில் சோதனைத் திரை வரும். எந்த இடத்தில் டச் எடுக்கவில்லை என்று அதிலேயே தெரியும். போட்டோ எடுங்கள்.

விழாமல், அழுத்தாமல், அப்டேட் போட்டதும் பச்சைக்கோடோ இளஞ்சிவப்புக் கோடோ மேலிருந்து கீழாக வந்திருந்தால் திரையின் குறை. சில கம்பெனிகள் சில மாடல்களுக்கு வாரண்டி முடிந்த பிறகும் திரையை இலவசமாக மாற்றிக் கொடுத்திருக்கின்றன. மாடல் பெயரைச் சொல்லி கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் முதலில் கேட்டுவிட்டு அப்புறம் போங்கள். ஓரத்தில் கீறலோ குழியோ இருந்தால் "விழுந்த செட்" என்றுதான் முதல் பதில் வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

## டவர் இல்லை

தனுஷ்கோடி, ராமேஸ்வரம் பக்கம் இருப்பவர்கள் இதை முதலில் பாருங்கள். அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துவிடும், ரோமிங் காசு போகும். அதைத் தடுக்க நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வைப்போம். பிறகு ராமநாதபுரம், பரமக்குடி பக்கம் போனால் டவர் திணறும். போன் கெட்டுவிட்டது என்று நினைத்து வாரண்டிக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. செட்டிங்கில் தானியங்கித் தேர்வை மறுபடி போட்டால் போதும். டேட்டா ரோமிங்கை மட்டும் நிரந்தரமாக அணைத்து வையுங்கள்.

அது சரியாக இருந்தால் சிம்மை வேறு போனில் போட்டுப் பாருங்கள். அடுத்து நெட்வொர்க் ரீசெட். *#06# அடித்தால் எண்ணே வரவில்லை, அல்லது வெறும் பூஜ்யம் வருகிறது என்றால் போர்டு பழுதாக இருக்கலாம்.

## சத்தம் குறைவு, பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை

ஸ்பீக்கர், மைக் ஓட்டையில் மணலும் உப்பும். காய்ந்த மென்மையான பிரஷால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். மைக் ஓட்டைக்குள் ஊசி விடாதீர்கள். வாய்ஸ் ரெக்கார்டரில் பதிந்து கேட்டுப் பாருங்கள். அதில் நன்றாகக் கேட்டால் குறை நெட்வொர்க்கில்.

## கடலில் விழுந்துவிட்டது

இதற்கு வாரண்டி கிடையாது. ஐபி67, ஐபி68 என்று தண்ணீர் தாங்கும் தரமாகப் பெட்டியில் போட்டிருப்பது நல்ல தண்ணீரில் செய்த சோதனை. கடல் தண்ணீருக்கு அது உத்தரவாதம் ஆகாது. உடனே அணையுங்கள், சார்ஜ் போடாதீர்கள். ஐபி தரம் உள்ள, கண்ணாடி உடையாத போன் என்றால் நல்ல தண்ணீரில் லேசாகக் கழுவித் துடைக்கலாம். மற்ற போனைக் கழுவ வேண்டாம். அரிசி டப்பாவில் போடுவதை விடுங்கள். உப்பை அரிசி இழுக்காது, தூசிதான் உள்ளே போகும். காய்ந்த பிறகும் உப்பு போர்டைத் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அன்றைக்கே திறக்கத் தெரிந்த கடைக்கு ஓடுங்கள்.

## "தண்ணி பட்டிருக்கு, வாரண்டி இல்லை" என்கிறார்கள்

நம் ஊர்க்காரர்கள் தோற்றுப்போகும் இடம் இது. கவுண்டரில் இருப்பவர் "மண்டபமா? உப்புக்காத்து ஊருங்களே" என்று ஆரம்பிப்பார். நாமும் "ஆமாம் சார், கடலுக்குப் போற செட்டு" என்று தலையாட்டிவிடுவோம். அதுவே பதிவாகிவிடும். பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மறுத்தால் கோபப்படாமல் இதைக் கேளுங்கள்: "எந்த இடத்துல ஈரம் இருக்கு? உள்ளே இருக்கிற புள்ளி சிவப்பாயிருக்கா? போட்டோ எடுத்துக் குடுங்க. காரணத்தை ஜாப் ஷீட்டுல எழுதிக் குடுங்க." ஜாப் ஷீட் என்பது போனை வாங்கும்போது அவர்கள் எழுதித் தரும் சீட்டு. ஈரக்காற்று மட்டும் பட்டு இந்தப் புள்ளி நிறம் மாறாதபடிதான் செய்யப்பட்டிருக்கிறது என்று ஆப்பிள் நிறுவனமே தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறது. அதனால் புள்ளி வெள்ளையாகவும் சார்ஜ் பின் மட்டும் துருவாகவும் இருந்தால் நீங்கள் பேச இடம் இருக்கிறது. திரையில் கோடு என்று கொண்டுபோன போனுக்கு, சார்ஜ் பின்னில் உள்ள துரு எப்படிக் காரணமாகும்? பின்னுக்கு வேண்டுமானால் காசு தருகிறேன், திரையை வாரண்டியில் பாருங்கள் என்று கேளுங்கள். நிறைய பேருக்கு இந்தக் கேள்வியிலேயே வேலை நடந்திருக்கிறது.

உள்ளே புள்ளி சிவந்து, போர்டில் பச்சை படிந்த போட்டோவைக் காட்டிவிட்டால் ஒத்துக்கொள்வதுதான் நியாயம். அப்போது மதிப்பீட்டுத் தொகையை எழுதி வாங்கிக்கொண்டு, வேலை செய்யாமல் போனைத் திரும்ப வாங்குங்கள். போர்டு மாற்ற அவர்கள் கேட்கும் காசுக்கும், வெளியில் அந்த ஒரு ஐசியை மட்டும் மாற்றும் காசுக்கும் வித்தியாசம் பெரிது.

## போனைக் கொடுக்கும்போது

சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்துவிடுங்கள். பேக்கப் எடுத்து, பணம் அனுப்பும் ஆப்களிலிருந்து வெளியேறி, முடிந்தால் எல்லாவற்றையும் அழித்துக் கொடுங்கள். சாம்சங்கில் பராமரிப்பு முறை என்று ஒன்று உண்டு, அதைப் போட்டால் உங்கள் படம், தகவல் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. ஸ்க்ரீன் லாக் எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஜாப் ஷீட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "சார்ஜ் பிரச்சினை" என்று ஒற்றை வார்த்தையில் எழுதினால் போதாது. "கம்பெனி சார்ஜரில் 40 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை, இரண்டாவது முறையாக வருகிறது" என்று எழுதச் சொல்லுங்கள். தேதி, ஐஎம்இஐ, வெளிப்புறக் கீறல் எங்கே என்பதும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப வாங்கும்போது புதிதாக ஒரு கீறல் இருந்தாலும் கேட்க முடியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வாரண்டி அதற்குப் பிறகு சீக்கிரம் முடிகிறது என்றால், இருக்கும் சின்னச் சின்னக் குறைகளை எல்லாம் அந்த நாட்களிலேயே காட்டிவிடுங்கள். அப்போது போன் கையில் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்.

## மாற்றிக் கொடுத்த போனிலும் கோளாறு

மாற்றுப் போன் கையில் வந்ததும் கவுண்டரை விட்டு நகராதீர்கள். அங்கேயே *#06# அடியுங்கள். அந்த எண்ணை எழுதிக்கொண்டு, ஆங்கில எழுத்தில் கேஒய்எம் (KYM) என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். போனின் கம்பெனி, மாடல் விவரம் பதிலாக வரும். தடுக்கப்பட்ட எண், போலி எண் என்று வந்தால் அந்தப் போனை வாங்காதீர்கள். பிறகு உங்கள் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு, கேமரா, ஸ்பீக்கர், சார்ஜ், டச் எல்லாம் பாருங்கள்.

மாற்றிக் கொடுப்பது எப்போதும் புதுப் போனாக இருக்காது. சரிசெய்யப்பட்டதாகவும் இருக்கலாம், வாரண்டி விதியில் அதற்கு இடம் இருக்கும். ஐபோனில் மாடல் எண்ணின் முதல் எழுத்தைப் பார்த்தால் தெரியும்: எம் (M) என்றால் கடையில் விற்ற புதியது, எஃப் (F) என்றால் புதுப்பிக்கப்பட்டது, என் (N) என்றால் மாற்றுக்கென்று வந்தது.

இனி மிக முக்கியமானது. உங்கள் பில்லில் பழைய ஐஎம்இஐதான் இருக்கிறது. புதுப் போன் நாளைக்குக் கெட்டால் "பில்லும் செட்டும் ஒத்துவரவில்லை" என்பார்கள். ஆகவே பழைய எண்ணுக்குப் பதில் இந்த எண் தரப்பட்டது என்று முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். தவணையில் வாங்கியிருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும், கூடுதல் வாரண்டியோ இன்சூரன்ஸோ போட்டிருந்தால் அவர்களுக்கும் புது எண்ணைத் தெரிவியுங்கள். தவணையை நிறுத்த வேண்டாம், அது தனிக் கணக்கு.

மாற்றுப் போனுக்கு வாரண்டி எவ்வளவு? பொதுவாக, பழைய போனில் மீதியிருந்த காலம்தான். ஆப்பிளில் மீதிக்காலம் அல்லது 90 நாள், இரண்டில் எது அதிகமோ அது. மற்ற கம்பெனிகளுக்கு வாரண்டி அட்டையைப் பாருங்கள்.

## வளைகுடாவில் வாங்கிய போன்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சவுதியிலோ இருப்பார். வாப்பா கொண்டுவந்த செட், மச்சான் அனுப்பிய செட் என்று வரும். நிறைய ஆண்ட்ராய்டு கம்பெனிகளின் வாரண்டி, விற்ற நாட்டில் மட்டும்தான் செல்லும். இங்கே சர்வீஸ் சென்டருக்கு அலைவதற்கு முன் கம்பெனி எண்ணில் ஐஎம்இஐ சொல்லிக் கேளுங்கள். கிடையாது என்றால் வளைகுடாவுக்குத் திரும்பும் யாரிடமாவது பில்லோடு கொடுத்தனுப்புவதுதான் வழி. உப்பிய பேட்டரி உள்ள போனை மட்டும் விமானத்தில் கொடுத்தனுப்பவே கூடாது.

## உதிரி பாகம் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்கிறார்கள்

ஒரு முறை பொறுக்கலாம். இரண்டாம் முறை கம்பெனியின் தலைமைக்கு ஜாப் ஷீட் எண்ணோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். புகார் எண் தருவார்கள், அதைக் கம்பெனிக்கும் அனுப்பிவைப்பார்கள். பல கேஸ் இதிலேயே முடிந்துவிடும்.

அதற்கும் அசையவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், போனை ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் போடலாம். பழுது நீக்கு, மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பிக் கொடு என்று மூன்றையும் கேட்க சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆய்வு தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், ஆய்வகத்துக்கு அனுப்பும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது விதி; நடப்பில் இழுக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். எட்டாயிரம் ரூபாய் போனுக்கு இது தேவையா என்று கேட்பவர்களுக்கு நான் 1915ஓடு நின்றுவிடச் சொல்வேன். இருபதாயிரத்துக்கு மேல் போட்டிருந்தால் விடாதீர்கள்.

விற்ற கடை, சர்வீஸ் சென்டர், கம்பெனி மூன்றையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். இல்லாவிட்டால் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். இணைக்க வேண்டியவை: பில், வாரண்டி அட்டை, தேதி வரிசையில் எல்லா ஜாப் ஷீட்டும், மாற்றுக் கடிதம், வெள்ளைப் புள்ளியின் போட்டோ, முதல் நாள் எடுத்த வீடியோ, மின்னஞ்சல்களின் நகல், 1915இன் புகார் எண்.